எரிவாயுக் கலனுக்கு இடம் தேடிய வரலாறு

மாட்டுச் சாணத்தையும் பண்ணைக் கழிவையும் காற்றுப் புகாத கலனில் அடைத்து வைத்தால் எரியும் வாயு கிடைக்கும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்தக் கலனை எங்கே அமைப்பது என்பதுதான் நூறாண்டுக்கும் மேலாகத் தொடரும் கேள்வி. ஒரு பக்கம் மலைத்தொடரும் மறுபக்கம் பழைய ஈயச் சுரங்க நிலமும் இருக்க, கிந்தா ஆறு ஓடும் தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இக்கேள்வி மிக நெருங்கியது. ஆகவே, நேயர்களே, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், 1897ஆம் ஆண்டில், கழிவுத் தொட்டியிலிருந்து வாயுவைச் சேகரிக்க ஏற்பாடு செய்தனர். கழிவு சேர்ந்த இடமும் வாயு பயன்பட்ட இடமும் ஒரே வளாகம். கழிவை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. நெடுந்தூரம் குழாய் இழுக்க வேண்டியதில்லை. இடத்தேர்வு அங்கே தானாகவே அமைந்துவிட்டது எனலாம்.

நாட்டுப்புறத்தில் அப்படி எளிதாக அமையவில்லை. 1950களில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் மூடியுடைய ‘கிராமலட்சுமி’ கலனை உருவாக்கினார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அவ்வகைக் கலன்களைப் பரப்பியது. தொழுவமும் அடுப்பங்கரையும் அருகே இருக்க வேண்டும். வெயில் பட வேண்டும். குடிநீர்க் கிணறு சுமார் 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பன அனுபவம் தந்த விதிகள். சாணத்தின் அளவுக்குத் தண்ணீரும் கலக்க வேண்டும். தண்ணீர் எட்டத்திலிருந்த வீடுகளில் குடம் சுமந்து சலித்துப்போனார்கள். கலனும் காய்ந்து கிடந்தது. கலனைக் குறை சொல்லிப் பயனில்லை; இடம்தான் பிழை.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்றது. தோட்ட லயங்களில் நம்மவர் மாடு வளர்த்தார்கள். ஆனால் 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் துண்டுபட்டால் கழிவும் துண்டுபடுகிறது. ஓரிடத்தில் போதிய அளவு சேர்வதில்லை. இதை யாரும் அப்போது எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்ததும் கழிவு மீண்டும் ஓரிடத்தில் குவிந்தது. செம்பனைக் குலையை வெட்டிய பின் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோவது நல்லது. எனவே ஆலை தோட்டத்துக்குள்ளேயே எழுந்தது. தண்ணீர் நிறையத் தேவைப்பட்டதால் ஆற்றோரம் நாடியது. ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் வெளியாகும். அது ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும், மீன் மிதக்கும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் குளித்தும் குடித்தும் வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. கழிவுநீரின் மாசு அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக 1984இல் 100 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பெரும்பாலான ஆலைகள் திறந்த குட்டைகளை வெட்டின. ஆறு ஓரளவு தப்பியது. மீத்தேன் வானத்துக்குப் போயிற்று. ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கனமீட்டர் வாயு கிடைக்குமே! ஜொகூர் மாசாயிலிருந்த கெக் செங் ஆலை 1980களிலேயே மூடிய கலனில் அதைப் பிடித்தது. மற்றவை தயங்கியதற்கு இடமும் ஒரு காரணம்: தோட்டத்தின் நடுவில் மின்சாரம் ஆக்கினாலும், அதை வாங்கிக்கொள்ளும் மின்கம்பி பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் விலைக்கு வழி செய்தது. 2014 முதல் புதிய ஆலைகளுக்கு வாயுவைப் பிடிக்கும் வசதி கட்டாயமாயிற்று. ஆனால் தூரத்தைச் சட்டத்தால் குறைக்க முடியாது.

இனி நம் கிந்தாப் பள்ளத்தாக்குக்கு வருவோம். தண்ணீர் உண்டு, ஆண்டு முழுதும் வெப்பம் உண்டு. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அது உகந்தது. நிலந்தான் ஐயத்துக்குரியது. பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் தண்ணீர் அரித்த பொந்துகளும் குகைகளும் உண்டு. மேலே, ஈயம் எடுத்தபின் விடப்பட்ட மணலும் சேறும். மணல் கசியவிடும், சேறு பாரத்தைத் தாங்காது. பொந்தின்மேல் மண் திடீரென உள்வாங்கினால் கலன் பிளக்கும். கழிவு ஊற்றுநீரோடு எங்கெங்கோ போகும். ஆகையால், சும்மா கிடக்கும் பழைய சுரங்க நிலம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், துளையிட்டு அடிநிலத்தைச் சோதிப்பது அவசியம். மலையடிவாரத்துக் கெட்டி நிலம் அடித்தளத்துக்கு மேலாயிருக்கலாம். ஆனால் அங்கிருந்து வழிவது கிந்தா ஆற்றுக்கே வரும். ஆறோ ஈப்போ நகரை நோக்கி ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நொதித்து முடிந்த குழம்பு நல்ல உரம். அதை இறைக்க அருகில் காய்கறித் தோட்டமோ செம்பனையோ வேண்டும்; இல்லையேல் கலன் நிறைந்ததும் கள்ளத்தனமாக வாய்க்காலில் திறந்துவிடும் எண்ணமே வரும். இரவில் மலைக்காற்று எந்தக் குடியிருப்பை நோக்கி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதை வரைபடத்தைக் காட்டிலும் அங்கே குடியிருக்கும் பாட்டிமாரைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.