நஞ்சுக்கொடியிலிருந்து மாத்திரைக்கு: மொன்றியல், ஈஸ்ட்ரோஜன், புற்றுநோய்

மொன்றியல் டவுன்டவுனில், மவுண்ட் றோயல் குன்றின் அடிவாரத்தில் மக்கில் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதன் உயிர்வேதியியல் துறைக்கு 1928இல் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் காலிப். 1922இல் டொராண்டோவில் இன்சுலினை நோயாளியின் உடல் தாங்கும் அளவுக்குத் தூய்மைப்படுத்திக் கொடுத்தவர் அவரே. மொன்றியலில் அவர் கவனம் பெண் ஹோர்மோன்கள் பக்கம் திரும்பியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் அடங்கிய எமெனின் என்ற சாற்றை மனித நஞ்சுக்கொடியிலிருந்து 1930இல் அவர் பிரித்தெடுத்தார். ஊசி இல்லாமல் வாய்வழியே கொடுத்தாலும் அது வேலை செய்தது. மொன்றியல் நிறுவனமான ஏயர்ஸ்ட், மெக்கென்னா அண்ட் ஹாரிசன் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஈஸ்ட்ரோஜனின் இந்தப் பயணம் பெரும்பாலும் மருந்துத் தயாரிப்பின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. அதைப் புற்றுநோய் ஆய்வின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சூலகத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அப்போதே பழைய செய்தி. திருகோணமலையில் 1848இல் பிறந்த ஸ்கொட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயாளி ஒருவரின் சூலகங்களை 1895இல் அகற்றினார். கட்டி கரைந்தது. மறு ஆண்டு அதை லான்செட் இதழில் எழுதினார். ஹோர்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சூலகத்திலிருந்து ஏதோ ஒன்று மார்பகக் கட்டியை வளர்க்கிறது என்று அவர் ஊகித்தது இன்றும் வியப்பளிக்கிறது. மறுதிசைச் சான்று 1932இல் பாரிஸிலிருந்து வந்தது. அன்டுவான் லக்கசான் ஆண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார்; அவற்றுக்கு மார்பகப் புற்று வந்தது.

ஆனால் எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. தொழிற்சாலையின் கவலையோ வேறு. எமெனினுக்கான மூலப்பொருள் அரிது, விலையும் அதிகம். சினையான குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளம் என்று பெர்ன்ஹார்ட் சோண்டெக் கண்டறிந்தது வழிகாட்டியது. அந்தச் சிறுநீரிலிருந்து தயாரித்த ஏயர்ஸ்ட் நிறுவனத்தின் பிரெமரின் மாத்திரை 1941இல் கனடாவிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதே 1941இல், ஹாலிஃபாக்ஸில் பிறந்த சார்ல்ஸ் ஹக்கின்ஸ், விந்தகங்களை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ புராஸ்டேட் புற்றுநோய் ஒடுங்குகிறது என்று சிகாகோவில் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர் உறுப்பில் புற்றை ஒடுக்கும் ஹோர்மோன் இன்னோர் உறுப்பில் அதை வளர்க்கக்கூடும் என்பதை மருத்துவம் மெதுவாகத்தான் உணர்ந்தது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிரெமரின் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. 1975 டிசம்பரில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆபத்து 4.5 மடங்கு என்றது ஒன்று, 7.6 மடங்கு என்றது மற்றது. லக்கசானின் எலிகளுக்கும் இதற்கும் இடையே 43 ஆண்டுகள்! உட்சுவரின் பெருக்கத்தைத் தடுக்க, மருத்துவர்கள் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனைச் சேர்த்தார்கள். கருப்பை காக்கப்பட்டது. இந்தக் கூட்டு மருந்தை அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் சோதித்த பெரும் ஆய்வு, சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே, 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியிருந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வரவேண்டியது 38 பேருக்கு வந்தது. தனியொருவருக்குச் சிறிய கூடுதல்தான்; இலட்சக்கணக்கானோர் விழுங்கிய மாத்திரையில் அது சிறிதல்ல.

கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் நடந்த இணை ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே தரப்பட்டது. அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலக் கண்காணிப்பில் குறைந்தே காணப்பட்டது. ஆகவே மொன்றியலில் பிறந்த மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. எந்த ஹோர்மோன், எதனுடன் சேர்த்து, எந்த வயதில், எத்தனை காலம் என்று பிரித்துக் கேட்க மருத்துவம் 2002க்குப் பிறகே பழகியது.