தம்தம், 1857: தோட்டாவின் இரு முனைகள்

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த தம்தமில் வங்கப் படையின் சிப்பாய்கள் குழுகுழுவாக வந்து தங்கியிருந்தது கலகம் செய்வதற்காக அன்று. நெடுந்தொலைவு சுடக் கற்றுக்கொள்வதற்காக. புதிய என்ஃபீல்டு ரைஃபிளைப் பழக்குவதற்கென்று தம்தம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு சிறு குழுவை அனுப்பும். அக்குழு திரும்பிச் சென்று மற்றவர்க்குக் கற்பிக்கும். பாடநூல்கள் இந்தப் பயிற்சியை ஒரே தாவலில் கடந்து 'கொழுப்புத் தோட்டா'வுக்குப் போய்விடுகின்றன. அந்தத் தோட்டா ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பது அதனால் விளங்காமலே நின்றுவிடுகிறது.

அதுவரை சிப்பாயின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்னும் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி. குழலின் உள்விட்டத்தைவிட ஈயக்குண்டு சிறியது. அதனால் எளிதாக உள்ளே இறங்கும், வெளியேறும்போது திசை தடுமாறும். 100 கெஜத்திற்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதன்மீது குண்டு பட்டால் அது பெரும்பாலும் தற்செயல். 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், அதன் உட்புறத்தில் மூன்று சுருள்வரிகள். வெடிப்பின் அழுத்தத்தில் நீள்வடிவக் குண்டின் அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும், சுழன்றவாறே வெளியேறும். பின்புறக் குறியில் 900 கெஜம் வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன.

ஆனால் தொலைவு கூடக்கூடக் குண்டு வளைந்தே செல்லும். 500 கெஜத்தில் நிற்பவனை 600 என்று கணித்தால் குண்டு அவன் தலைக்குமேல் போய்விடும். எனவே இங்கிலாந்தின் ஹைத் நகரில் 1853இல் தொடங்கப்பட்ட துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி, சுடுவதற்கு முன் கண்ணைப் பழக்கியது. வெவ்வேறு தொலைவுகளில் ஆட்களை நிறுத்தி, முகம் எதுவரை தெரிகிறது, உடுப்பின் எந்தப் பகுதி எங்கே மங்குகிறது என்று வீரர்கள் பார்த்துப் பழகினர். தம்தமில் தொடங்கியதும் இந்த மரபிலான பாடமே.

இனித் தோட்டாவுக்கு வரலாம். அது காகிதத்தால் சுற்றப்பட்ட ஒரு சிறு பொட்டலம். ஒரு முனையில் அளந்து வைத்த மருந்து. மறு முனையில் குண்டு. மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டு முனையைக் குழலின் வாயில் செருகி, மீந்த காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். குண்டு காகிதத்தோடுதான் உள்ளே இறங்கும். சில முறை சுட்டதுமே மருந்தின் கசடு குழலில் படியும். அந்தக் கசட்டை மீறிக் குண்டு இறங்குவதற்காகவே குண்டு முனைக் காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகு பூசப்பட்டது.

ஆக, கடிக்கும் முனை ஒன்று. மசகு பூசிய முனை மற்றொன்று. சிப்பாயின் அச்சம் வெறும் அறியாமை என்று வாதிடுவோர் இதைச் சான்றாக நீட்டுவதுண்டு. வெயிலில் உருகும் கொழுப்பு பையிலும் விரலிலும் படிந்து மறு முனைக்கும் ஏறும் என்பதை அறியப் படைக்கல அறிவு வேண்டியதில்லை. கொழுப்பைக் கையால் தொடுவதே இழிவு என்று கருதியவனுக்கு முனைக்கணக்கு எந்த ஆறுதலும் தராது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1853இல் மசகிட்ட தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்க்க இங்கு அனுப்பப்பட்டபோது, மசகு சாதி உணர்வைப் புண்படுத்தாது என்று உறுதியாகும்வரை சுதேசிப் படைகளுக்கு வழங்கலாகாது என்று கர்னல் டக்கர் எழுதினார். அது கோப்போடு நின்றது. வேலூரில் 1806இல் தலைப்பாகை படுத்திய பாடு அரை நூற்றாண்டுக்குள் மறந்துபோயிருந்தது. 1857 ஜனவரி இறுதியில் விசாரித்தபோது, எந்த விலங்கின் கொழுப்பு என்று பார்த்துத் தவிர்க்க முன்னேற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்பதைப் படைக்கலத் துறையே ஒப்புக்கொண்டது.

செய்தி வெளிவந்த வழி அதனினும் கூர்மையானது. தம்தம் படைக்கலக் கிடங்கின் கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டார். சாதியைச் சொல்லிச் சிப்பாய் மறுத்தார். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி ஏது என்னும் பொருளில் கலாசி திருப்பிக் கேட்டார். ஜனவரி 22 அன்று கேப்டன் ரைட் இதை மேலதிகாரிக்கு எழுதினார். தோட்டாவின் உட்பொருளை அறிந்திருந்தது அதைச் செய்த கிடங்கின் தொழிலாளி. ஏவுபவனுக்கு அது தெரியாது. அறிக்கையில் அந்தத் தொழிலாளிக்குப் பெயர் இல்லை. பிற்கால வட இந்திய தலித் எழுத்துகள் அவரை மாதாதீன் பங்கி என்று பெயரிட்டு 1857இன் தொடக்கப் புள்ளியாக நிறுத்துகின்றன. காலனிய ஆவணம் அவரை ஒரு வதந்தியின் வாயிலாக மட்டுமே கண்டது. தண்ணீர் மறுக்கப்பட்டவரின் விடை என்று அதை வாசித்தவர்கள் இவர்களே.

அரசு விரைந்து இறங்கி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மசகில்லாத தோட்டாவைப் பெற்றுச் சிப்பாய்களே தமக்கு உகந்த பொருளைப் பூசிக்கொள்ளலாம் என்று ஜனவரி 27 அன்று ஆணை பிறந்தது. மேஜர் போன்டீனின் யோசனைப்படி, கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று மார்ச்சில் பயிற்சிமுறையும் மாறியது. பலன் நேர்மாறானது. ஒளித்துவைக்க ஒன்றுமில்லையெனில் முறையை ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஐயம் மசகிலிருந்து பளபளப்பான காகிதத்திற்குத் தாவியது. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு வெடிமூடிகளையே வாங்க மறுத்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரை வீரர்களுள் 85 பேர் மறுத்த தோட்டா என்ஃபீல்டினுடையதே அன்று. நெடுநாளாகப் பழகிய பழைய வகை. மே 9 அன்று அவர்களுக்கு அணிவகுப்புத் திடலில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மாலை மீரட் எரிந்தது.

ஜூலை 12 அன்று ஃபதேபூரில் ஹேவ்லாக்கின் வெள்ளைப் படை என்ஃபீல்டால் எட்டத்திலிருந்தே சுட்டது. எதிரே நின்றோரிடம் பெரும்பாலும் பழைய துப்பாக்கிகளே இருந்தன. அவை எட்டும் தொலைவுக்குள் நெருங்கும் முன்பே அவர்கள் வீழ்ந்தனர். வெற்றிக்குப் பிந்தைய ஆணையில், ஆங்கிலேயர் கையில் என்ஃபீல்டு காட்டிய ஆற்றலை ஹேவ்லாக் தனியே குறிப்பிட்டார்.

கலகம் அடங்கியபின் சுதேசிப் படைகளுக்கென்று ஒரு புதிய மாதிரி வகுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டேதான். குழலின் உட்புறம் 0.656 அங்குலத்திற்குக் குடையப்பட்டு வரிகள் நீக்கப்பட்டிருந்தன. தொலைவு அளவுகள் பொறித்த குறியும் அதில் இல்லை.