திருப்பூர் மாவட்டத்தில் மருத்துவக் கல்வி

திருப்பூர் மாவட்டத்தில் மருத்துவக் கல்வி என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் பின்னலாடைத் தொழில் மையமான திருப்பூரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியைப் பற்றியும், இப்பகுதி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பில் சேர்வதற்கான வழிகளைப் பற்றியும் விளக்குகின்றது. இப்படிப்பிற்கான சேர்க்கை, நீட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. எனினும் ஒரு மாணவருக்கு எந்தெந்த ஒதுக்கீடுகளில் போட்டியிட உரிமை உண்டு என்பது தேர்வுக்குப் பல ஆண்டுகள் முன்னரே முடிவாகிவிடுகின்றது. அவர் ஆறாம் வகுப்பு முதல் எந்த வகைப் பள்ளியில் படித்தார், குடும்பம் எம்மாநிலத்தைச் சேர்ந்தது, பெற்றோரின் பெயர் தொழிலாளர் காப்பீட்டில் உள்ளதா ஆகியவை இதில் முதன்மையானவை. வேலை தேடி இடம்பெயர்ந்த குடும்பங்கள் மிகுந்த திருப்பூரில் இவை தனிக் கவனத்திற்கு உரியவை.

கல்லூரி

கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் திருப்பூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி எதுவும் இருக்கவில்லை. உயர்நிலைச் சிகிச்சைக்கு நோயாளிகளும், மருத்துவப் படிப்பிற்கு மாணவர்களும் கோயம்புத்தூர், பெருந்துறை முதலிய ஊர்களை நாடினர். 1966இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி இப்பகுதியின் பழைமையான அரசு மருத்துவக் கல்லூரியாகும்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களின் கல்லூரிகளும் அதே நாளில் காணொளி வழியாகத் தொடங்கி வைக்கப்பட்டன. இந்தப் 11 கல்லூரிகளால் மாநிலத்தில் 1450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடின. அவற்றுள் 100 இடங்கள் திருப்பூருக்கு உரியவை. தாராபுரம் சாலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தது கல்லூரி மருத்துவமனையாக மாறியது. சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் கல்லூரி இணைக்கப்பட்டுள்ளது.

கல்லூரி திருப்பூரில் இருப்பதனால் அம்மாவட்ட மாணவருக்கு அதில் முன்னுரிமை கிடைப்பதில்லை. மாவட்டவாரியான ஒதுக்கீடு எதுவும் இல்லை. திருப்பூர் மாணவர் நாகப்பட்டினத்திலும், நாகப்பட்டினம் மாணவர் திருப்பூரிலும் இடம் பெறலாம்.

சேர்க்கை முறையின் வரலாறு

தமிழ்நாட்டில் 1984-85 கல்வியாண்டு முதல் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தி வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அத்தேர்வு நீக்கப்பட்டு, 2007-08 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே அளவுகோலாயிற்று.

இந்தியா முழுமைக்குமான நீட் தேர்வு முதன்முதலாக 2013ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நடைபெற்றது. அதே ஆண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என அறிவித்தது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் தேர்வு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அவசரச் சட்டத்தால் தமிழ்நாட்டின் அரசு இடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. 2017இல் விலக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் இடம் கிடைக்காத அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா, 2017 செப்டம்பர் 1ஆம் நாள் உயிர் துறந்தார். இந்நிகழ்வு மாநிலமெங்கும் பெரும் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று.

பள்ளி மதிப்பெண்களை நாடு முழுவதும் ஒரே அளவில் ஒப்பிட இயலாது என்பதும், தனியார் கல்லூரிகளின் முறைகேடான சேர்க்கையைப் பொதுத்தேர்வு தடுக்கும் என்பதும் நீட் தேர்வை ஆதரிப்போரின் வாதங்கள். பணம் செலுத்திப் பயிற்சி பெற இயலாத ஊரக மாணவரையும் தமிழ்வழி மாணவரையும் அது பின்தள்ளுகின்றது என்பதும், மாநிலத்தின் உரிமையில் தலையிடுகின்றது என்பதும் எதிர்ப்போரின் வாதங்கள். நீதிபதி ஏ. கே. இராசன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்குச் சட்டவரைவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் அது 2022 பெப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

தகுதியும் தேர்வும்

விண்ணப்பிப்பவர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். சேரும் ஆண்டின் திசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டின் நீட் தேர்வில் இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என 180 வினாக்கள் கேட்கப்பட்டன. நேரம் 180 நிமிடங்கள். மொத்த மதிப்பெண் 720. சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்பட்டு, தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடையளிக்காத வினாவிற்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். அதற்கு விண்ணப்பத்திலேயே தமிழைத் தெரிவு செய்தல் வேண்டும்.

நீட் தேர்வில் தகுதி பெறுவதும் இடம் பெறுவதும் ஒன்றல்ல. பொதுப் பிரிவினர் 50ஆவது சதமானத்தையும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40ஆவது சதமானத்தையும் எட்டினால் தகுதி பெற்றவராவர். ஆனால் தகுதி பெறுவோரின் எண்ணிக்கை இடங்களின் எண்ணிக்கையை விடப் பன்மடங்கு அதிகம். ஆகவே இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசையே ஆகும்.

இடங்களின் பகிர்வு

மாநில அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கின்றது. எஞ்சிய 85 விழுக்காட்டினை மாநில அரசு நிரப்புகின்றது. திருப்பூரின் 100 இடங்களில் 15 இடங்கள் முதல் வகையையும், 85 இடங்கள் இரண்டாம் வகையையும் சாரும்.

மாநில இடங்களில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்வருமாறு பின்பற்றப்படுகின்றது:

* பிற்படுத்தப்பட்டோர் - 26.5 விழுக்காடு
* பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள் - 3.5 விழுக்காடு
* மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் - 20 விழுக்காடு
* பட்டியல் சாதியினர் - 18 விழுக்காடு (இதில் 3 விழுக்காடு அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடு)
* பட்டியல் பழங்குடியினர் - 1 விழுக்காடு

எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் போட்டிக்கு உரியது. அதில் எப்பிரிவினரும் தரவரிசைப்படி இடம் பெறலாம்.

அரசுப் பள்ளி மாணவருக்கான ஒதுக்கீடு

நீட் நடைமுறைக்கு வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தோர் மிகச் சிலராயினர். இதனைச் சரிசெய்ய நீதிபதி பொ. கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2020ஆம் ஆண்டில் மாநில இடங்களில் 7.5 விழுக்காட்டினை அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. முதலாண்டிலேயே 300க்கும் மேற்பட்டோர் இதன்வழி எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்றாலும் இது பொருந்தும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இடைவிடாது அரசுப் பள்ளியில் படித்திருத்தல் இதற்கான நிபந்தனையாகும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, திருப்பூர் ஜெய்வாபாய் மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளி இவ்வகையில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு விலக்கு உண்டு.

திருப்பூரில் குடும்பங்கள் வேலைக்கேற்ப வீடு மாறுவது வழக்கம். அவ்வாறு மாறுகையில், அருகில் உள்ளது என்பதற்காக ஓராண்டு உதவி பெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளை இவ்வொதுக்கீட்டை இழக்க நேரிடும். பின்னர் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் இழந்த உரிமை மீள்வதில்லை.

தொழிலாளர் காப்பீட்டு ஒதுக்கீடு

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) மருத்துவக் கல்லூரிகளில், காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் உள்ளன. சென்னை கே. கே. நகரிலுள்ள கல்லூரியும், 2016இல் தொடங்கப்பட்டு மாநில அரசால் நடத்தப்படும் கோயம்புத்தூர் இ.எஸ்.ஐ. கல்லூரியும் இவ்வகையின. பிற மாநிலங்களில் உள்ள இ.எஸ்.ஐ. கல்லூரிகளிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் இவ்விடங்களுக்குப் போட்டியிடலாம்.

பனியன் நிறுவனங்களில் தையல், கட்டிங், செக்கிங் முதலிய பிரிவுகளில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் பெறுவோர் காப்பீட்டுக்கு உட்பட்டவராவர் என்பது 2017 முதலான வரம்பு. 2019 சூலை முதல் தொழிலாளரின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடாகவும், முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடாகவும் வரையறுக்கப்பட்டன. பெற்றோர் குறிப்பிட்ட காலம் காப்பீட்டில் இருந்து பங்களிப்புச் செலுத்தியிருந்தால், காப்பீட்டாளரின் பிள்ளை என்னும் சான்றிதழைக் கழகத்தின் இணையத்தளம் வழியே விண்ணப்பித்துப் பெறலாம். தேவையான காலவரையறை ஆண்டுதோறும் கழகத்தின் அறிவிப்பில் வெளியாகும். இவ்விடங்கள் மாநிலக் கலந்தாய்வில் அன்றி, புது தில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் வழியே நிரப்பப்படுகின்றன.

பீஸ்ரேட் முறையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் பலரின் பெயர்கள் காப்பீட்டுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. ஊதியத்தில் பிடித்தம் வேண்டாம் எனத் தொழிலாளரே மறுப்பதும் உண்டு. அத்தகைய குடும்பங்களுக்கு இவ்வழி அடைபடுகின்றது.

விண்ணப்பிக்கும் முறை

1. நீட் விண்ணப்பம்: 2019 முதல் தேர்வை நடத்திவரும் தேசியத் தேர்வு முகமையின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வெளியாகும்.

2. அகில இந்தியக் கலந்தாய்வு: 15 விழுக்காட்டு இடங்களுக்கும், இ.எஸ்.ஐ. காப்பீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில் பதிவு செய்ய வேண்டும்.

3. மாநிலக் கலந்தாய்வு: சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிற்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். நீட் எழுதியதால் மட்டும் பெயர் மாநிலத் தரவரிசைப் பட்டியலில் சேர்ந்துவிடாது. இதற்குத் தனி விண்ணப்பம் தேவை. அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களுக்கும் வெவ்வேறு விண்ணப்பங்கள் உள்ளன.

4. கல்லூரித் தெரிவு: தரவரிசைப் பட்டியல் வெளியானபின், விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்தல் வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை கிடைத்ததும் குறித்த நாளுக்குள் கல்லூரியில் சேர வேண்டும். தவறினால் இடம் பறிபோகும்.

தேவைப்படும் சான்றிதழ்கள்

பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், நீட் அனுமதிச் சீட்டும் மதிப்பெண் அட்டையும், நிலையான சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளிகளின் சான்று ஆகியவை முதன்மையானவை. முதல் தலைமுறைப் பட்டதாரி எனில் அதற்கான சான்றிதழையும் இணைக்கலாம். வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம்.

இவற்றில் இரண்டு செய்திகள் அடிக்கடி குழப்பம் தருவன. முதலாவது, மாநில ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராகவும் மிகவும் பிற்படுத்தப்பட்டோராகவும் உள்ளவர்கள், அகில இந்திய ஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோராக இடம் கோருவதற்கு வருமான வரம்பைக் கருத்தில் கொண்டு வழங்கப்படும் தனிச் சான்றிதழைப் பெறுதல் வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் அதற்குப் போதாது. இரண்டாவது, பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரில் வாழும் குடும்பத்தினரின் சொந்த மாநிலச் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்குச் செல்லாது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவராயினும் இடையில் வெளிமாநிலத்தில் படித்தவர் பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

பாடத்திட்டம்

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுப் பயில்வும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி மருத்துவப் பணியும் கொண்டது. முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அடுத்து நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவையும், பின்னர் சமூக மருத்துவம், சட்ட மருத்துவம் ஆகியவையும், இறுதியில் பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவம், குழந்தை மருத்துவம் முதலியனவும் இடம்பெறுகின்றன. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகளும், முழுப் படிப்பிற்கு ஒன்பது ஆண்டுகளும் உச்ச வரம்பாகும்.

தமிழில் நீட் எழுதிச் சேர்ந்தோருக்கும் கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலமே. தொடக்கத்தில் நடைபெறும் அடித்தளப் பயிற்சியில் மொழித்திறனும் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணம் மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார்.

திருப்பூரின் தொழிற்சூழல் மாணவருக்குச் சமூக மருத்துவத்தை நேரில் காட்டுவதாக உள்ளது. நூற்பாலைகளின் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், நெடுநேரம் அமர்ந்து தைப்பதால் வரும் முதுகுவலி, சாயப்பட்டறை வேதிப்பொருள்களால் வரும் தோல் நோய்கள் ஆகியன பாடநூலில் தொழில்சார் நோய்களாகக் குறிக்கப்படுவன. இந்நோய்களோடு மருத்துவமனைக்கு வரும் தொழிலாளரின் பிள்ளைகளும் அங்கே மருத்துவம் பயில வழிசெய்வதே மேற்கூறிய ஒதுக்கீடுகளின் நோக்கமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* திருப்பூர் மாவட்டம்
* கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி
* தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்
* தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு