கல்யாணம், குழந்தை, புது ஃபிளாட்... உங்கள் நாமினியும் உயிலும் மட்டும் இன்னும் பழசாகவே இருக்கிறதா?

முதல் வேலையில் சேர்ந்த நாளில் ஹெச்.ஆர். நீட்டிய படிவங்களில், நாமினி என்ற இடத்தில் யார் பெயரை எழுதினீர்கள்? பலருடைய பதில் 'அம்மா' அல்லது 'அப்பா' என்பதாகத்தான் இருக்கும். அதன்பிறகு உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், பெங்களூருவிலோ குருகிராமிலோ கடனில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கலாம். அந்தப் படிவம் மட்டும் அப்படியே இருக்கும்.

உயில் என்றதும் 'அதெல்லாம் வயசானவங்க சமாச்சாரம்' என்று தள்ளிப்போடுகிறோம். 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம் என்கிறது சட்டம். உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எதை, எப்போது, எப்படி மாற்ற வேண்டும் என்று பார்ப்போம்.

உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்கு?

நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்காகச் சட்டம் பங்கு பிரிக்கும். அந்தப் பங்கீடு நீங்கள் நினைத்தபடி இருக்காது.

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்குப் பொருந்தும். இதன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மனைவி, ஒரு குழந்தை, அம்மா இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அவர் பெயரில் மட்டும் இருக்கும் ஃபிளாட்டை மனைவி விற்க நினைத்தால் மாமியாரின் கையெழுத்து வேண்டும். மைனர் குழந்தையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதியும் வேண்டும். இந்த முதல் வகுப்பு வாரிசுகளின் பட்டியலில் தந்தை கிடையாது. மகனின் சம்பளத்தை நம்பி இருக்கும் அப்பாவுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் அதை உயிலில் எழுதித்தான் ஆக வேண்டும்.

திருமணமான பெண்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் ஒரு இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற அம்மா, அப்பாவுக்கு உரிமை அதற்குப் பிறகுதான்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவரைப் படிக்கவைத்தது பிறந்த வீடு. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, வங்கியிலும் பி.எஃப்.பிலும் பணம் விட்டுச்சென்றார். உயில் மட்டும் எழுதவில்லை. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று கூறிய நீதிமன்றம், கணவர் வீட்டாருக்கே உரிமை என்றது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஒரு உயில் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிநபர் சட்டம். அதன்படி பொதுவாக மூன்றில் ஒரு பங்கு சொத்துக்கு மேல் உயில் எழுத வேண்டுமென்றால் வாரிசுகளின் சம்மதம் தேவை.

'அதான் நாமினி போட்டாச்சே, போதாதா?'

போதாது. நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள். அதற்கு உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். பங்குகள், டீமேட் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு திருப்பம் உண்டு. 2015 திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணத்தின் பயனும் அவர்களுக்கே. ஆனாலும் இது வாரிசுரிமைச் சட்டத்தையே மீறுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பு சொல்லவில்லை. எனவே பாலிசியில் ஒரு பெயர், உயிலில் இன்னொரு பெயர் என்று விட்டுவைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் வழக்குக்கு இடம் குறைவு.

நாமினி விதிகளில் புதிதாக என்ன மாறியிருக்கிறது?

வங்கி டெபாசிட்: 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம். அல்லது ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசைப்படுத்தலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான்.

டீமேட், மியூச்சுவல் ஃபண்ட்: செபியின் 2025 விதிகளின்படி 10 பேர் வரை நியமிக்கலாம்.

பி.எஃப்.: கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. யு.ஏ.என். இணையதளத்தில் இ-நாமினேஷன் பகுதியில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய நிறுவனத்தில் எழுதிக்கொடுத்ததை நம்பி இருக்காதீர்கள். கிராஜுவிட்டி, அலுவலகத்தின் குரூப் இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. அவற்றையும் ஹெச்.ஆரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

எப்போதெல்லாம் உயிலை எடுத்துப் பார்க்க வேண்டும்?

திருமணம்: கிறிஸ்தவர்களுக்கும் பார்சிகளுக்கும் திருமணமானால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன் எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதியிருந்தால், மாற்றும்வரை அதுதான் செல்லும்.

விவாகரத்து: உயிலில் முன்னாள் துணையின் பெயர் இருந்தால் விவாகரத்து அதைத் தானாக நீக்காது. நாமினி படிவங்களையும் நீங்களேதான் மாற்ற வேண்டும்.

குழந்தை பிறப்பு: பெற்றோர் இருவரும் இல்லாமல்போனால் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று உயிலில் காப்பாளரை நியமிக்கலாம். யார் பெயரை எழுதுகிறீர்களோ, அவரிடம் முதலில் பேசிச் சம்மதம் வாங்குங்கள்.

பெரிய சொத்து அல்லது கடன்: புதிதாக வீடு, மனை வாங்கினாலோ விற்றாலோ உயிலைத் திருத்துங்கள். விற்றுவிட்ட சொத்தை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்திருந்தால், அவருக்கு அந்த வகையில் எதுவும் கிடைக்காது.

உயிலில் பெயர் உள்ள ஒருவரின் மரணம்: பயனாளியோ சாட்சியோ உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரோ காலமாகிவிட்டால் உடனே பாருங்கள்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வருமான வரித் தாக்கலுக்குக் கணக்குகளை எடுக்கும் நேரத்திலேயே, இதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

திருத்துவது எப்படி?

பழைய உயிலில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினால் அது செல்லாது. அந்தத் திருத்தத்துக்கும் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும்.

சிறிய மாற்றம் என்றால் இணைப்பு உயில் எழுதலாம். இதை கோடிசில் என்பார்கள். இதற்கும் இரண்டு சாட்சிகள் கட்டாயம். இரண்டு, மூன்று மாற்றங்கள் என்றாலே புதிய உயில் எழுதிவிடுவது நல்லது. 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்ற வரியும் தேதியும் அதில் இருக்கட்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். பதிவும் கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், பின்னாளில் 'இது போலி' என்று கிளம்பும் சண்டைக்கு எதிராக ஒரு பிடிமானம் கிடைக்கும். முந்தைய உயில் பதிவு செய்யப்பட்டது என்றால் புதியதையும் பதிவு செய்துவிடுங்கள்.

சாட்சிகளாக உங்களைவிட இளையவர்களை, சொத்தில் பங்கு பெறாதவர்களைத் தேர்ந்தெடுங்கள். உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டிவரும்.

பூர்வீகச் சொத்தை உயிலில் எழுதலாமா?

உங்கள் பங்கை மட்டும் எழுதலாம். ஊரில் உள்ள நிலம் முழுவதையும் அப்பா தன் விருப்பப்படி ஒருவருக்கே எழுதிவைக்க முடியாது. மகள்களுக்கும் மகன்களைப் போலப் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாடு இதை 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல் வந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது.

எழுதியது வீட்டாருக்குத் தெரியுமா?

நல்ல உயில் இருந்தும், அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால் பயனில்லை. 10 ஆண்டுகள் யாரும் உரிமை கோராத வங்கி டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகின்றன. அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. உங்கள் தாத்தா, பாட்டி பெயரைக்கூட அதில் தேடிப் பார்க்கலாம்.

வங்கிக் கணக்குகள், பாலிசி எண்கள், ஃபோலியோ எண்கள், கடன்கள், லாக்கர், ஒரிஜினல் பத்திரம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் உயிலில் எழுதாதீர்கள். பதிவு செய்த உயிலின் நகலை உங்கள் காலத்துக்குப் பிறகு மற்றவர்களும் வாங்க முடியும். கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்', ஐபோனில் 'லெகசி கான்டாக்ட்' ஆகிய வசதிகளைப் பயன்படுத்தி ஒருவரை நியமித்துவிடலாம்.

'அப்பாகிட்ட இதை எப்படிக் கேட்கிறது?'

'உயில் எழுதிட்டீங்களா?' என்று நேரடியாகக் கேட்டால் பிள்ளை சொத்துக்கு அவசரப்படுவதாகத் தோன்றும். 'நான் என்னோட நாமினியை எல்லாம் மாத்திட்டு இருக்கேன்ப்பா, உங்க எஃப்.டி.க்கு யார் நாமினின்னு பாருங்க' என்று உங்களிடமிருந்து தொடங்குங்கள். அக்கா, தங்கையும் கூட இருக்கும்போது பேசுங்கள். தனித்தனியாகக் காதில் விழும் செய்திதான் பின்னாளில் பாகப்பிரிவினைச் சண்டையாகிறது.

மனை, கூட்டுக்குடும்பச் சொத்து, வெளிநாட்டு முதலீடு, மறுமணம் போன்றவை உங்கள் குடும்பத்தில் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதுங்கள். இவை எதுவும் இல்லை என்றால், இந்த வாரமே பி.எஃப். இ-நாமினேஷனிலிருந்து தொடங்குங்கள். ஆதாரும் நாமினியின் புகைப்படமும் கையில் இருந்தால் அதை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.