தொகுதி மறுவரையறை ஆணையம் (இந்தியா)

மக்களவை, சட்டப்பேரவைத் தொகுதிகளின் எல்லைகளை மக்கள்தொகைக்கு ஏற்பத் திருத்தி வரைய அமைக்கப்படும் குழு. நாடு முழுமைக்குமாக 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை அமைக்கப்பட்டது.

முதல் பொதுத்தேர்தலின்போது இந்த ஆணையம் இல்லை. தேர்தல் ஆணையத்தின் ஆலோசனையுடன் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தார். அதைத் திருத்தும் உரிமை நாடாளுமன்றத்துக்கு இருந்தது. நாளை வேட்பாளராக நிற்கப்போகிறவர் தம் தொகுதியின் எல்லையில் கைவைக்க இது வழிவிட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியை அடைத்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி என். சந்திரசேகர ஐயர் தலைமையில் முதல் ஆணையம் அமைந்தது. ஆணை அவையில் வைக்கப்படும், ஆனால் அவை அதை மாற்ற முடியாது என்பதே இந்த அமைப்பின் உயிர்நாடி. நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது என 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1961 கணக்கெடுப்பைத் தொடர்ந்த மறுவரையறையில் அன்றைய சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. மாநிலங்களுக்கான இடப் பங்கீட்டுக்கு அரசமைப்புச் சட்டமே அளவுகோல் தருகிறது. எவ்வளவு நடுநிலையான ஆணையமும் அதை மீற இயலாது. 1976இல் 42ஆவது திருத்தம் அந்தப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தியது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான 2002ஆம் ஆண்டு ஆணையம் மாநிலங்களுக்குள் எல்லைகளை மட்டுமே மாற்றியது. தலைவருடன் ஒரு தேர்தல் ஆணையரும் அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக அமர்ந்தனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களின் மாற்றுக்கருத்தையும் வரைவோடு சேர்த்து வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டத்தின் மிகச் சிறந்த கூறு.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் புதுக்கோட்டைக்கு நேர்ந்தது இழப்புதான். 2008இல் அந்த மக்களவைத் தொகுதி மறைந்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடும், அறந்தாங்கி ராமநாதபுரத்தோடும், விராலிமலை கரூரோடும் சேர்க்கப்பட்டன. நிர்வாக எல்லைகளையும் மக்களின் வசதியையும் பார்க்கச் சொல்லும் சட்டத்தின்கீழ் ஒரு மாவட்டம் நான்காகச் சிதறியது ஏற்கத்தக்கதல்ல.

ஜம்மு காஷ்மீருக்கெனத் தனியே அமைந்த ஆணையம் 2022இல் ஜம்முவுக்கு ஆறு, காஷ்மீருக்கு ஒன்று எனப் புதிய சட்டமன்றத் தொகுதிகளைக் கூட்டியது. 2011 கணக்கெடுப்பின்படி காஷ்மீரிலேயே மக்கள் அதிகம் என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அசாமில் 2023இல் தனி ஆணையமே இல்லை. தேர்தல் ஆணையமே எல்லைகளை வரைந்தது.

தலைவரை நியமிப்பவர்கள் இன்றும் ஒன்றிய அரசினரே. எதிர்க்கட்சிக்கு அதில் இடமில்லை. நீதிமன்றக் கதவு மட்டும் சற்றுத் திறந்திருக்கிறது: வெளிப்படையாகத் தன்னிச்சையானது, அரசமைப்புக்கு முரணானது எனத் தெரியும் ஆணையை நீதிமன்றங்கள் ஆராயலாம் என 2024 ஜூலையில், குஜராத்தின் பர்தோலி தனித்தொகுதி குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.