நொச்சி: மதில் காத்த செடி

மதில் காத்த மறவர் சூடியது நொச்சி. தொல்காப்பியம் மதிற்போர் முழுவதையும் உழிஞைக்குள் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சித் திணையெனப் பிரித்தது. செடியோ முள்ளற்ற ஒல்லியான புதர். நாற்கோணக் கிளை, ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள், வெளிறிய அடிப்புறம், கொத்தாய் நீலம் பாரித்த சிறுபூக்கள். இத்தனை மெல்லியதையா காவலுக்குரியதாக்கினர் என வியக்கிறோம். மகளிர் தழையாய் உடுத்திய நொச்சியை வீரன் சூடி மடிய, குருதி தோய்ந்த அம்மாலையை ஊனென்று பருந்து கவர்வதைப் புறநானூற்று 271ஆம் பாடல் காட்டுகிறது.

மதில்கள் மறைந்த பின்னும் நொச்சி காவலை விடவில்லை. தானியத்தைப் பூச்சியிடமிருந்து காக்க நம் முன்னோர் இட்டது இவ்விலையே. கொசுவை விரட்ட 2012இல் சென்னை மாநகராட்சி நாடியதும் இச்செடியையே. வேலியோரத்தில் இதை வெட்டுமுன் இவ்வரலாற்றை நாம் எண்ணிப்பார்த்தல் நன்று.