உறையாத நீர்: வட அமெரிக்கப் பண்ணைக் கோழிகளின் குளிர்காலம்

கோழி முட்டையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே ஆதலால், நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும் முட்டைக்கோழிக்கு அது கிடைக்காமற்போனால், முதலில் தீனி எடுப்பது குறைந்து, அதைத் தொடர்ந்து முட்டையும் குறைந்துவிடும். மின்னசோட்டா, விஸ்கான்சின், கியூபெக் போன்ற பகுதிகளில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே நிற்பதால், கொட்டிலில் வைத்த நீர் பனிக்கட்டியாவது அன்றாட நிகழ்வு. பகற்பொழுது சுருங்குவதால் கோழிகள் முட்டையிடுவது குறைந்து, முட்டை விலை ஏறியதும் அதே பருவத்தில்தான் என்பதால், தண்ணீரை உறையாமல் காப்பது வருவாயைக் காப்பதாகவும் இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கப் பண்ணைகளில் கோழிகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே. முட்டை விற்ற காசு 'முட்டைப் பணம்' எனப் பெயர் பெற்று, மளிகைச் செலவையும் துணிச் செலவையும் தாங்கியது. சமையலறை அடுப்பில் சூடேற்றிய நீரை வாளியில் சுமந்து, பனியை மிதித்துக்கொண்டு கொட்டிலுக்குச் சென்று, கட்டியை உடைத்தெறிந்து கலத்தை மீண்டும் நிரப்புவது ஒரு நாளில் பலமுறை செய்ய வேண்டிய வேலை. இருட்டில் கோழிகள் நீர் அருந்துவதில்லை. உறையும் நீரோ ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து மண்கலத்தையும் கண்ணாடிக் கலத்தையும் பிளந்துவிடும். ஆகவே அந்தியில் கலங்களைக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் வெதுவெதுப்பான நீரை ஊற்றுவதே தக்க முறையாக இருந்தது. கோழி வளர்ப்பின் வரலாற்றைச் சொல்வோர் இனங்களையும் கருவிகளையும் விரித்துரைத்துவிட்டு, வாளி சுமந்த இந்தக் கைகளைப் பேசாமல் கடந்துபோவது பெருங்குறையே.

சுமையைக் குறைக்க, சுவர்களுக்கிடையே காற்று இடைவெளி விட்ட இரட்டைச்சுவர்த் தகரக் கலங்களும், அடியில் சிறு மண்ணெண்ணெய் விளக்கு எரியும் கலங்களும் பயன்பட்டன. விளக்கு நீரைக் காத்தது உண்மையே. ஆனால் தரையில் காய்ந்த வைக்கோல் பரப்பிய மரக்கொட்டிலில் திறந்த சுடரை வைத்திருப்பது அச்சத்தோடு வாழ்வதாகும்.

நீர் உறையாதிருந்தாலும் வேறொரு இடர் எஞ்சியது. கோழி குனிந்து குடிக்கும்போது அலகின் கீழே தொங்கும் தாடி நனைய, அந்த ஈரம் கடுங்குளிரில் உறைந்து, பனிக்கடி எனப்படும் திசு அழிவை உண்டாக்கும்; பெரிய கொண்டையும் இவ்வாறே கருகும். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாத்தலேன், 20ஆம் நூற்றாண்டின் முதற்பதின்மங்களில் லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வையண்டாட், கார்னிஷ், பிளிமத் ராக் ஆகிய இனங்களைக் கலந்து, மிகச் சிறிய கொண்டையும் தாடியும் கொண்ட 'ஷாண்டெக்லேர்' இனத்தை உருவாக்கினார். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தன் தர நூலில் இவ்வினத்தை ஏற்றது. கலத்தைப் பற்றியே பிறர் கவலைப்பட்ட காலத்தில் கோழியின் உடலையே குளிருக்கேற்ப மாற்ற முனைந்த அவருடைய பொறுமை வியக்கத்தக்கது.

அமெரிக்காவில் 1935இல் ஊரக மின்மயமாக்க நிர்வாகம் அமைக்கப்பட்டபோது பத்துப் பண்ணைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது பெரும்பாலான பண்ணைகளை எட்டிவிட, உறைநிலை நெருங்கும்போது தானே இயங்கும் தெர்மோஸ்டாட் பொருத்திய சூட்டுத்தட்டு விளக்கின் இடத்தைப் பிடித்தது. மின்கம்பி எட்டாத கொல்லைக் கொட்டில்களில் இன்றும் இரண்டு ரப்பர் தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்றிலுள்ள பனிக்கட்டி வீட்டுக்குள் உருகிக்கொண்டிருக்க மற்றொன்றைக் கோழிகளிடம் வைத்து மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள்.